வானத்துக் கல்லும் கியூபலாக் கசடும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் ஃபோனில் கூப்பிட்டு, "கம்பெனிக் கதையெல்லாம் வேண்டாமப்பா. நீ ஏதோ வானத்திலிருந்து விழுந்த கல்லெல்லாம் காசு கொடுத்து வாங்கி வெச்சிருக்கறயாமே, அதைப் பத்திப் பேசு" என்றார். அதனால்தான் இந்த டிபன் பாக்ஸோடு மேடைக்கு வந்திருக்கிறேன். இதற்குள் இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று விண்கல். இன்னொன்று விண்கல் இல்லை. இரண்டாவதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இந்த ஆசை எனக்கு நம் விடுதி மெஸ்ஸில் பிடித்தது. 2008 செப்டம்பர் 12ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி பக்கத்தில் வானத்திலிருந்து கல் விழுந்தது. மறுநாள் பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு நாலு பேர் பஸ் ஏறத் தயாராகிவிட்டோம். சேலம் போய், தர்மபுரி போய், சூளகிரியில் இறங்குவது என்று திட்டம். திங்கட்கிழமை இன்டர்னல் டெஸ்ட் இருந்தது. போகவில்லை. அங்கே விழுந்தது மொத்தம் 110 கிலோ என்று பிற்பாடு பதிவானது. எல்.எல்.6 என்ற வகை. நம் வீட்டுத் திண்ணையில் வந்து விழுந்த மாதிரி விழுந்ததைப் பார்க்காமல் விட்டோமே என்ற ஏக்கம் எனக்கு இன்றுவரை உண்டு. அந்தப் பரீட்சையில் எத்தனை மார்க் வாங்கினேன் என்பது மட்டும் சுத்தமாக மறந்துவிட்டது!

வேலைக்குப் போய் முதல் வருஷம். ஒரு வியாபாரி அறிமுகமானார். "பாலைவனத்தில் எடுத்தது, இரும்பு கலந்த விண்கல்" என்று ஒரு கறுப்புக் கல்லைக் காட்டினார். காந்தத்தை வைத்தேன், பிடித்தது. பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். அப்போது எனக்கு அது ஒரு மாதச் சம்பளம். பெருமையாக இங்கே நம் மெட்டலர்ஜி லேபுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். லேப் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை நிமிஷம் பார்த்தார். "ஏனுங் தம்பி, இது நம்ம கியூபலாக் கசடு மாதிரி இருக்குதுங்களே?" என்றார்.

கணபதியிலும் பீளமேட்டிலும் ஃபவுண்டரிக்குப் பின்பக்கம் மலை மலையாய்க் கொட்டிக் கிடந்த ஸ்லாக் நம் எல்லோருக்கும் தெரியும். நாலு வருஷம் அதை மிதித்துக்கொண்டு நடந்தவன் அதையே பதினெட்டாயிரத்துக்கு வாங்கியிருக்கிறேன். அண்ணன் சிரிக்கவில்லை. "வாங்க, வெட்டிப் பாத்துடலாம்" என்றார்.

வெட்டினோம். உள்ளே குமிழ் குமிழாய்க் காற்றுத் துளைகள். விண்கற்களில் அப்படித் துளைகள் இருப்பது மிக அபூர்வம். நடுவில் தெறித்துப் போன இரும்பு மணிகள் சில. காந்தம் பிடித்தது அதனால்தான். அமிலத்தில் கரைத்து டைமெத்தில் கிளையாக்ஸைம் விட்டுப் பார்த்தோம். நிக்கல் இருந்தால் ரோஜா நிறம் வர வேண்டும். வரவில்லை. விண்கல் இரும்பில் நிக்கல் இல்லாமல் இராது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாடத்துக்குப் பதினெட்டாயிரம் ஒன்றும் அதிகமில்லை என்று அப்போது நினைத்தேன். அது பாதிப் பாடம்தான் என்பது பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது கல் இது. ஸ்வீடன் நாட்டின் வடகோடியில் முவோனியோனலுஸ்டா என்ற இடத்தில் 1906இல் முதலில் கண்டெடுக்கப்பட்ட இரும்பு விண்கல்லின் ஒரு துண்டு. நாற்பது கிராம். இதை வாங்கியதும் நேரே நம் லேபுக்குத்தான் வந்தேன். எமரி பேப்பரில் தேய்த்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்து, நைட்டாலில் நனைத்தோம். நாம் எல்லோரும் இரண்டாம் வருஷத்தில் கை எரிய எரியச் செய்த அதே வேலைதான். சில நிமிஷத்தில் பாய் பின்னினது போல ஒன்றையொன்று வெட்டும் பட்டைகள் எழுந்து வந்தன. அதற்கு விட்மன்ஸ்டேட்டன் அமைப்பு என்று பெயர். 1808இல் வியன்னாவில் இருந்த விட்மன்ஸ்டேட்டன் என்பவர் கண்டது. நிக்கல் குறைந்த காமசைட்டும் நிக்கல் கூடிய டேனைட்டும் பிரிந்து படிந்த கோலம் அது.

நாம் ஒரு பம்ப் கேஸிங் வார்த்தால் சில மணி நேரத்தில் ஆறிவிடுகிறது. இந்த இரும்போ ஏதோ ஒரு சிறு கோளின் வயிற்றுக்குள் பத்து லட்சம் வருஷத்துக்குச் சில நூறு டிகிரி, சில ஆயிரம் டிகிரி என்ற கணக்கில் ஆறியிருக்கிறது. எந்தக் கசடு வியாபாரியாலும் இந்தக் கோலத்தைப் போட முடியாது. அவ்வளவு காலம் எவனிடமும் இல்லை.

சரி, இதற்கெல்லாம் விலை எப்படி? இது எல்லோரும் கேட்கும் கேள்வி. சஹாராவில் கிடைக்கும் சாதாரணக் கல் விண்கல் கிராம் ஒன்று நம் மெஸ் சாப்பாட்டு விலைக்கே கிடைக்கும். இன்னொரு பக்கம், 2025 ஜூலையில் நியூயார்க்கில் சோதபீஸ் ஏலத்தில் செவ்வாய்க் கிரகத்துக் கல் ஒன்று 53 லட்சம் டாலருக்குப் போயிற்று. எடை இருபத்து நாலரைக் கிலோ சொச்சம். கிராமுக்குக் கணக்குப் போட்டால் அன்றைய தங்கத்தைப் போல இரண்டு மடங்கு. அது ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டில் 2023இல் கிடைத்தது. ஏலம் முடிந்தபின், எங்கள் மண்ணில் கிடைத்தது எப்படி வெளியே போயிற்று என்று அந்நாட்டு அரசு விசாரணை அறிவித்தது.

செவ்வாய்க் கல் என்றதும் நமக்கு ஒரு பெருமை உண்டு. அந்த வகையில் மிகுதியாகக் கிடைப்பவற்றுக்கு உலகம் முழுக்க 'ஷெர்காட்டைட்' என்று பெயர். பீகாரில் கயைக்குப் பக்கத்தில் ஷெர்காட்டி என்ற ஊரில் 1865 ஆகஸ்ட் 25ஆம் தேதி விழுந்த கல்லை வைத்து வந்த பெயர் அது. நம் தமிழ்நாட்டிலும் 1857 பிப்ரவரி 28ஆம் தேதி மதுரைச் சீமையில் விழுந்த கல் ஒன்று பார்னல்லி என்ற பெயரில் உலகப் பட்டியலில் இருக்கிறது. எழுபத்தேழு கிலோவுக்கு மேல். அதன் பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மதுரைக் கல்லைப் பார்க்க நாம் விசா எடுக்க வேண்டும்!

விலையை முடிவு செய்வது கல்லின் வகை மட்டுமல்ல. எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறுதான் பாதி விலை. 1992 அக்டோபரில் அமெரிக்காவில் பீக்ஸ்கில் என்ற ஊரில் நிறுத்தியிருந்த ஒரு பழைய ஷெவர்லே காரின் மேல் கல் விழுந்தது. கல்லுக்கு மட்டுமா விலை? நொறுங்கிப்போன அந்தக் காரும் பல மடங்கு விலைக்குப் போயிற்று. கதை உண்மை என்பதற்கு அதுதான் சாட்சி. புதிதாக ஒரு கல் கிடைத்தால் விண்கல் சங்கத்தின் பட்டியலில் அதற்குப் பெயர் வாங்க, இருபது கிராம் அல்லது மொத்த எடையில் இருபது சதம், இதில் எது குறைவோ அதை ஓர் ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பங்கு கொடுக்காத கல்லுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாத கல்லுக்கு என்ன விலை சொன்னாலும் நான் வாங்குவதில்லை.

இனி அந்தப் பாதிப் பாடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லலாமா என்று வீட்டில் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

எனக்கு ஒரு பெரியப்பா. சோமனூர்ப் பக்கம் தறி போட்டிருந்தார். என் மகளின் காதுகுத்து அன்று உறவுக்காரர்கள் மத்தியில் நான் இந்தக் கல்லை எடுத்துக் காட்டினேன். "இதில் சில வகை தங்கத்தைவிட விலை" என்று வீறாப்பாகச் சொன்னேன். பெரியப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏங்கண்ணு, இந்தத் துக்காணிக் கல்லுக்கா அத்தனை காசு?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

2022இல் ஒருநாள் ஷிஃப்ட் நடுவில் ஃபோன் வந்தது. "கண்ணு, இரிடியம்னு ஒண்ணு நெசமாலுமே இருக்குதா?" "இருக்குதுங் பெரியப்பா." "தங்கத்தைவிட விலையா?" "ஆமாங், அதிகந்தான்." "வானத்துக் கல்லுல இருக்குமாமே?" "ஆமாங் பெரியப்பா, இருக்கும். நான் அப்புறம் கூப்பிடறனுங்" என்று வைத்துவிட்டேன். அப்புறம் கூப்பிடவில்லை.

ரைஸ் புல்லர் என்ற மோசடியை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். இடி விழுந்த கோபுரக் கலசம் இரிடியமாக மாறிவிட்டது, அரிசியைத் தானாக இழுக்கும், வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் கோடிக்கணக்கில் வாங்கிக்கொள்ளும், சோதனை செய்ய வரும் விஞ்ஞானிக்கு மட்டும் முன்பணம் கட்டினால் போதும் என்பார்கள். போலீஸ் எத்தனையோ பேரைப் பிடித்தாயிற்று, இன்னும் நடக்கிறது. பெரியப்பா இரண்டு தறியை விற்று முன்பணம் கட்டினார். விஞ்ஞானி வரவே இல்லை.

நான் சொன்ன மூன்று பதிலும் உண்மைதான். இரிடியம் இருக்கிறது. அந்த வருஷம் தங்கத்தைவிட விலை கூடத்தான். விண்கல்லிலும் இருக்கிறது. 1980இல் லூயிஸ் அல்வாரெஸும் அவர் மகன் வால்டரும் களிமண் படிவில் மிகுந்திருந்த இரிடியத்தை வைத்துத்தான், டைனோசர்கள் அழிந்த காலத்தில் வானிலிருந்து ஒரு பெருங்கல் மோதியது என்று கண்டார்கள். ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லையே! சூளகிரிக் கல் வகையில் பத்து லட்சத்தில் அரைப் பங்குகூடக் கிடையாது. 110 கிலோவையும் முழுசாகக் கரைத்தால் இரிடியம் இரண்டு அரிசி மணி எடைக்குத்தான் தேறும். இரிடியத்தைக் காந்தம் இழுக்காது, அது அரிசியையும் இழுக்காது. செம்பு இடி விழுந்து இரிடியம் ஆகாது. அரிசி நகர்கிறது என்றால் அரிசிக்குள் இரும்புத் தூள், பாத்திரத்துக்குள் காந்தம். இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷம் அன்றைக்கு எனக்கு இல்லாமல் போயிற்று.

போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நீ சொன்னது ஒண்ணும் பொய்யில்லையே கண்ணு. உனக்கு வேலை இருந்துச்சு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

தம்பி தங்கைகளே, விண்கல் வாங்கும் ஆசை உங்களுக்கு வந்தால் தாராளமாக வரட்டும். வருமுன் சிலவற்றை நினைவில் வையுங்கள். பெயரும் பட்டியல் எண்ணும் இல்லாத கல்லை வாங்காதீர்கள். முதலில் சின்னத் துண்டாக வாங்குங்கள். கறுத்த மெல்லிய தோல் இருக்கிறதா, உள்ளே குமிழ் இல்லையா, நிக்கல் உண்டா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இரும்பு விண்கல் நம் ஊர் மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வையுங்கள். நம் ஊரிலேயே கல் விழுவதைப் பார்த்தால் கழுவாதீர்கள், உடைக்காதீர்கள், விலை பேசாதீர்கள். தாசில்தாருக்குச் சொல்லுங்கள். கொல்கத்தாவில் தலைமையகம் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைதான் நம் நாட்டில் விழும் விண்கற்களுக்குப் பொறுப்பு. அங்கே போய்ச் சேரட்டும். சூளகிரிக்குப் பஸ் ஏறத் துடித்தவன் சொல்கிறேன், அதுதான் முறை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய வேண்டுகோள் ஒன்று உண்டு. நம் வீட்டில் நாம்தான் இன்ஜினியர். சித்தப்பாவோ அத்தையோ ஃபோன் செய்து ஒன்றைக் கேட்டால், ஏன் கேட்கிறார்கள் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேளுங்கள். "அப்புறம் கூப்பிடறேன்" என்றால் கட்டாயம் கூப்பிடுங்கள்.

இந்த இரண்டு கல்லையும் இன்று நம் மெட்டலர்ஜி லேபுக்கே கொடுத்துவிடப் போகிறேன். எது எது என்று சீட்டு ஒட்டவில்லை. புதிதாக வரும் மாணவர்கள் தாங்களே சோதித்துக் கண்டுபிடிக்கட்டும். ஒன்றை மட்டும் அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். சோதித்து முடித்த அன்று சாயங்காலமே ஊருக்கு ஃபோன் போட்டு, இன்றைக்கு லேபில் என்ன பார்த்தோம் என்று வீட்டில் சொல்லுங்கள்.