பச்சை விழும் கணம்



வீட்டில் பிள்ளைகள் டி.வி. முன்னால் உட்கார்ந்து கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் கன்ட்ரோலர், திரையில் அமெரிக்காவின் என்.பி.ஏ. அணிகள். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஆட்டக்காரர் பந்தோடு எழும்புவார். விட்டால் பந்து அவர் கையை விட்டுக் கிளம்பும். செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆனாலும் புதிதாக ஆட வந்த யாரைக் கேட்டாலும் ஒரே குறை: "எல்லாம் சரியாத்தான் செய்யறேன், பந்துதான் விழ மாட்டேங்குது."

இன்றைய உரை அவர்களுக்காக. என்.பி.ஏ. 2கே என்ற இந்த ஆட்டம் 1999-ல் செகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் கருவிக்காக முதலில் வந்தது. கலிபோர்னியாவின் விஷுவல் கான்செப்ட்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கியது. இன்றும் வருடத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. நான் நெடுநாளாக ஆடிவருகிறேன். ஷாட் போடுவது பற்றி எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்றை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை. இது கண்ணால் செய்கிற வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. தாளத்தால் செய்கிற வேலை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், 2014-ல் வந்த 2கே15 பதிப்பில் ஷாட் மீட்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பொத்தானை அழுத்தியதும் ஆட்டக்காரரை ஒட்டி ஒரு சிறு பட்டை நிறையத் தொடங்கும். குறித்த இடத்துக்கு அது வரும்போது விரலை எடுக்க வேண்டும். மிகச் சரியாக எடுத்தால் பச்சை ஒளிரும். பச்சை விழுந்தால் பந்து உள்ளே என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பச்சைக்காகத்தான் எல்லோரும் ஏங்குகிறார்கள். மீட்டரையே வெறித்துப் பார்க்கிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திரை விநாடிக்கு 60 படங்களைக் காட்டுகிறது. அப்படியானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16 மில்லி விநாடியும் கொஞ்சமும்தான். விரலைச் சரியாக எடுப்பதற்கு ஆட்டம் விட்டுவைக்கிற இடைவெளி அப்படிச் சில படங்கள் மட்டுமே. ஒன்று கண்ணில் பட்டு, மூளைக்குப் போய், விரல் அசைய நமக்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் விநாடி வரை பிடிக்கும். அதற்குள் 12 முதல் 15 படங்கள் ஓடிவிடும். பட்டை நிறைந்ததைப் பார்த்துவிட்டு விரலை எடுப்பவர் எப்போதும் தாமதம்தான். எவ்வளவு கூர்மையான கண்ணாக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

தெருவில் பெண்பிள்ளைகள் கயிறு தாண்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுற்றுகிறார்கள். மூன்றாவது பெண் வெளியிலிருந்து உள்ளே நுழைய வேண்டும். கயிறு தரையில் படுவதைப் பார்த்த பிறகு காலெடுத்து வைத்தால் நிச்சயம் மாட்டிக்கொள்வாள். அதனால் அவள் இரண்டு சுற்றுக்குச் சும்மா நிற்கிறாள். உடம்பை லேசாக முன்னும் பின்னும் அசைக்கிறாள். தரையில் கயிறு 'சட், சட்' என்று அடிக்கிற ஓசை உடம்புக்குள் இறங்கியதும், மூன்றாவது சுற்றில் யோசிக்காமல் புகுந்துவிடுகிறாள். ஷாட்டும் அதே மாதிரிதான். பொத்தானை அழுத்தும்போதே, அதை எப்போது விடுவது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தாளம் ஆளுக்கு ஆள் மாறும். என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஸ்டெஃபன் கரியின் கையில் பந்து நிற்பதே இல்லை. அவர் பந்தை விடுவதற்கு எடுத்துக்கொள்வது சுமார் 0.4 விநாடி. இன்னொரு ஆட்டக்காரரான கெவின் டுரான்ட் நெடிய மனிதர், அவர் கையில் பந்து உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த உடலசைவுகளை எல்லாம் ஆட்டத்தில் தனித்தனியாகச் செய்துவைத்திருக்கிறார்கள். கர்நாடக சங்கீதத்தில் எல்லாப் பாட்டும் தாளத்தின் முதல் அடியிலேயே தொடங்குவதில்லை. அரை இடம், முக்கால் இடம் தள்ளி எடுப்பு வரும் பாட்டுகள் ஏராளம். ஒரு பாட்டின் எடுப்பை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு பாட்டை எடுத்தால் என்ன ஆகும்? கரியோடு பழகிய விரல் டுரான்டிடம் தடுமாறுவதும் அதனால்தான். எனவே முதல் மாதம் ஒரே ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுங்கள். அவரை மட்டும் வைத்துப் பயிற்சி செய்யுங்கள். அணியில் மற்றவர்களுக்குப் பாஸ் கொடுக்கலாம், தவறில்லை.

சரி, தாளத்தை எதில் பிடிப்பது? ஆட்டக்காரரின் உடம்பில். ஒரு ஷாட்டில் நான்கு கட்டங்களைப் பிரித்துப் பார்க்கலாம்: கால் தரையை விடுவது, பந்து நெற்றிக்கு மேலே வந்து நிலைப்பது, முழங்கை நீண்டு பந்தை மேலே தள்ளத் தொடங்குவது, மணிக்கட்டு மடிந்து பந்து விரலை விட்டுப் போவது. இந்த நான்கில் எது உங்களுக்கான குறி என்று 2022-ல் வந்த 2கே23 பதிப்பில் நீங்களே அமைத்துக்கொள்ள வழிசெய்தார்கள். நான் எடுத்துக்கொண்டது மூன்றாவது, முழங்கை நீளத் தொடங்கும் இடம். முந்தைய இரண்டும் எனக்குச் சீக்கிரமாக இருக்கின்றன, கடைசியானது கை நழுவிப்போகிறது. உங்களுக்கு வேறாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நூறு ஷாட் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதன் பிறகு மீட்டரை அணைத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் இருட்டில் நடப்பதுபோல் இருக்கும். பிறகு கண் பட்டையை விட்டு உடம்புக்கு வந்துவிடும். சில பதிப்புகளில் மீட்டரை அணைத்து ஆடுகிறவர்களுக்குச் சிறு சலுகையே கொடுத்திருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை வீட்டில் பெரிய டி.வி. வாங்கினேன். அன்றிலிருந்து என் ஷாட் ஒன்றுகூடப் பச்சை இல்லை. எல்லாவற்றுக்கும் 'தாமதம்' என்றே ஆட்டம் சொன்னது. வருடக்கணக்கில் பழகிய கை போய்விட்டதே என்று மூன்று வாரம் மிகவும் வருந்தினேன். காரணம் கையில் இல்லை. இன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகள் படத்தைப் பளபளப்பாக்கவும் அசைவை மிருதுவாக்கவும் உள்ளே பல வேலைகள் செய்கின்றன. அது முடிந்த பிறகே படம் திரைக்கு வருகிறது. அந்த இடைவெளியில் பல படங்கள் ஓடிவிடும். அமைப்புகளுக்குள் போய் 'கேம் மோட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த வேலைகளில் பெரும்பகுதி நின்றுவிடும். பிள்ளைகள் ஷாட் விழவில்லை என்று அழுதால் முதலில் இதைப் பாருங்கள். இணையம் வழியாக மற்றவர்களோடு ஆடும்போதும் இப்படித்தான்: சமிக்ஞை தொலைவிலுள்ள சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டும். தனியே ஆடும்போது சரியாக இருந்த விரல் அங்கே பிந்திவிடும். இரண்டையும் இரண்டு தாளமாகவே பழக வேண்டும்.

அடுத்தது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் திரையில் இரண்டு தகவல்கள் வரும். ஒன்று, விரலை எடுத்தது முந்தியா பிந்தியா என்பது. மற்றது, எதிரணிக்காரர் எவ்வளவு நெருக்கத்தில் நின்று மறைத்தார் என்பது. முதலாவதைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. எதிரே கை நீட்டி ஒருவர் நிற்கும்போது அந்தச் சில படங்களின் இடைவெளி இன்னும் சுருங்கிவிடும். ஆட்டக்காரர் ஓடிக் களைத்திருந்தாலும் அப்படியே. பந்தைத் தட்டிக்கொண்டே வந்து திடீரென எழும்புவதைவிட, நின்ற இடத்தில் பாஸ் வாங்கிப் போடுவது எளிது. ஆக, விரலுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதைப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

ஒரு யோசனை: வளையத்தை நோக்கி வேகமாக உள்ளே புகுங்கள். தடுப்பவர்கள் இருவர் மூவராக உங்களைச் சூழ்வார்கள். அந்த நேரம் மூலையில் ஒருவர் தனியாக நிற்பார். அவருக்கு அனுப்புங்கள். மூன்று புள்ளிக் கோடு நேர் எதிரே வளையத்திலிருந்து 7.24 மீட்டர் தள்ளி இருக்கிறது; மூலையிலோ 6.7 மீட்டர்தான். அரை மீட்டர் மிச்சம். உண்மையான என்.பி.ஏ. அணிகள் அந்த மூலைகளைத் தேடிப் போவது சும்மா இல்லை. அங்கே மூன்று புள்ளி ஷாட்டுகள் நூற்றுக்கு 38, 39 அளவில் விழுகின்றன. ஒரு முயற்சிக்கு ஒன்றுக்குச் சற்று மேல் புள்ளி கிடைக்கிறது. கோட்டுக்கு உள்ளே தள்ளி நின்று போடும் இரண்டு புள்ளி ஷாட் நூற்றுக்கு 40 விழுந்தாலும் 0.8 புள்ளிதான்.

'மோசமான ஷாட்' என்றால் என்ன என்பதில் இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களே ஒருமுறை திணறியிருக்கிறார்கள். 2015-16 பருவத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்காக ஸ்டெஃபன் கரி 402 மூன்று புள்ளி ஷாட்டுகளைப் போட்டார். அதற்கு முந்தைய சாதனை 286. அதுவும் அவருடையதே. 2016 பிப்ரவரி 27 அன்று ஓக்லஹோமா சிட்டியில், கூடுதல் நேரத்தின் கடைசித் துளிகளில், 11 மீட்டருக்கும் அப்பாலிருந்து அவர் விட்ட பந்து ஆட்டத்தை முடித்துவைத்தது. பந்தைத் தட்டிக்கொண்டே, கோட்டுக்கு வெகு தொலைவில், எழும்பி விடுவதெல்லாம் தவறான முயற்சி என்று ஆட்டத்துக்குள் விதி எழுதிவைத்திருந்தார்கள். அப்படிப் போட்டால் தண்டனை. கரியோ அதைத்தான் இரவுக்கு இரவு செய்தார். அவரை ஆட்டத்துக்குள் கொண்டுவருவது மிகக் கடினமாக இருக்கிறது, அவர் எங்கள் ஆட்டத்தையே உடைத்துவிட்டார் என்ற பொருளில் அதன் இயக்குநர் மைக் வாங் வெளிப்படையாகவே அப்போது சொன்னார்.

இதைக் கேட்டுவிட்டு, நாமும் நடுக்கோட்டருகிலிருந்து போடலாம் என்று கிளம்பக் கூடாது. அந்த விதியிலிருந்து விலக்கு கரியின் திறனுக்குக் கிடைத்தது. நீங்கள் புதிதாக உருவாக்கிய ஆட்டக்காரருக்கு அது கிடையாது.

உருவாக்கிய ஆட்டக்காரர் என்றதும் இன்னொன்று. அவருடைய ஷாட் அசைவை நாமே வடிவமைக்கலாம். எழும்பும் விதம், கை விடும் விதம், வேகம் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கலாம். பலர் வாரம் ஒன்றாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மாற்றினால் ஒரே முறை, காரணத்தோடு மாற்றுங்கள். கரி பள்ளியில் படித்தபோது இடுப்புக்கருகிலிருந்து பந்தை எறிவார். அவருடைய தந்தை டெல் கரியும் என்.பி.ஏ. ஆட்டக்காரர். பெரியவர்கள் எதிரே வந்தால் இது தடுக்கப்படும் என்று கண்டு, பந்தை மேலிருந்து விடும்படி மகனை மாற்றச் சொன்னார். ஒரு கோடைக்காலம் முழுவதும் அந்தச் சிறுவனால் தொலைவிலிருந்து ஒரு பந்துகூட ஒழுங்காகப் போட முடியவில்லை. பழைய தாளம் கலைந்து புதியது படிவதற்கு அவ்வளவு நாள் ஆயிற்று. திரைக்கு இப்பால் உட்கார்ந்திருக்கும் விரலுக்கும் அந்த அவகாசத்தைக் கொடுக்க வேண்டும்.

என் அண்ணன் மகளுக்குப் பதினொரு வயது. போன விடுமுறையில் வந்திருந்தாள். பயிற்சிக் களத்தில் கரியை நிறுத்தி, மீட்டரை அணைத்துக் கொடுத்தேன். எட்டு ஷாட் போட்டாள், எட்டும் வெளியே. "எப்ப விடணும்னு எப்படி சித்தப்பா தெரியும்?" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கட்டைவிரல் மேல் என் விரலை வைத்துக்கொண்டேன். இருவருமாக அழுத்தினோம், விட்டோம். பேசவில்லை. திரையில் பந்து தரையில் மோதும் சத்தமும் வலை உரசும் சத்தமும் மட்டும். முப்பது ஷாட் வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் அவள் விரல் எனக்கு முன்னால் எழுந்தது. பச்சை விழுந்தது. என் கையை எடுத்துக்கொண்டேன்; அவள் அதைக் கவனிக்காமல் அடுத்ததைப் போட்டுக்கொண்டிருந்தாள்.