நிர்வாகம் என்னும் அமானிதம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பெற்றுள்ளது. சற்று நேரத்தில் புதிய நிர்வாகிகளின் தேர்வும் நடைபெறவிருக்கின்றது. தொழுகையையும் நோன்பையும் பற்றிப் பேசவேண்டிய ஆலிம், நிர்வாகத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அது கல்லூரிகளில் மேலாண்மை பயின்ற பிள்ளைகளின் துறையாயிற்றே என்றும் கருதக்கூடும். அப்பிள்ளைகள் பயில்வது நல்ல கல்வியே. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், நமது மதரஸாக்களின் நூலகங்களில் தூசி படிந்து கிடக்கும் கிதாபுகளிலும் இத்துறை விரிவாகப் பேசப்பட்டிருக்கின்றது என்பதை அவர்களும் அறியவேண்டும், நாமும் நினைவுகூர வேண்டும்.

ஒரு பணிக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? மத்யன் நகரத்துப் பெரியவரின் மகளார், மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்திக்கொள்ளுமாறு தம் தந்தையாரிடம் பரிந்துரைத்த வரலாறு அல்கஸஸ் அத்தியாயத்தில் இடம்பெறுகின்றது. அப்பெண்மணி கூறிய தகுதிகள் இரண்டே: வலிமை ஒன்று, நாணயம் மற்றொன்று. யூஸுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டுக் களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு அரசரிடம் கேட்டபோதும் இரண்டு தகுதிகளையே முன்வைத்தார்கள். தாம் பாதுகாப்பவர் என்றார்கள், அறிந்தவர் என்றார்கள். நபிமார்களின் பரம்பரையில் வந்தவர் என்றோ, சிறையில் பொறுமை காத்தவர் என்றோ அவர்கள் கூறவில்லை. அவர்கள் வகுத்த திட்டத்தைச் சற்றே சிந்தியுங்கள். ஏழாண்டுகள் இடைவிடாது பயிரிடுவது, உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக எஞ்சியதைக் கதிரோடு விட்டுவைப்பது, பின்வரும் ஏழாண்டுப் பஞ்சத்தில் அதை அளவோடு செலவழிப்பது, அப்போதும் ஒரு சிறு பகுதியைக் காத்து வைப்பது. பதினான்கு ஆண்டுகளுக்கான வரவு செலவுத் திட்டம் அது! நாமோ அடுத்த ரமளானுக்கான கஞ்சி அரிசியை ஷஅபான் இறுதியில்தான் எண்ணிப் பார்க்கின்றோம்.

வலிமையும் நாணயமும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைவது அரிது. இமாம் இப்னு தைமிய்யா அவர்கள் (சில மஸ்அலாக்களில் அன்னாருடன் நமக்கு உடன்பாடில்லை, எனினும் நல்ல கருத்தை எவர் கூறினும் கொள்வதே முறை) இதை ஒப்புக்கொண்டு, பணியின் தன்மையை நோக்கி ஆளைத் தேர்க என்கின்றார்கள். போர்க்களத்திற்கு வலிமையாளர் முந்துவார். பொருட்காப்பிற்கு நாணயமுடையோர் முந்துவார். அபூதர் (ரலி) அவர்களின் பற்றற்ற வாழ்வையும் வாய்மையையும் அறியாதார் யார்? அத்தகையவர் தமக்கு ஒரு பொறுப்பு வேண்டும் என்று கேட்டபோது, அவர் இதற்குப் பலவீனமானவர் என்றும், இது ஓர் அமானிதம் என்றும் எடுத்துரைத்து நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர்தம் ஈமானில் குறை கண்டு மறுக்கவில்லை. அந்தப் பணி வேறு, அந்த மனிதர் வேறு. முதல் ஸஃப்பில் நிற்கும் ஒருவரை, கணக்கு எழுதத் தெரியுமா என்று கேளாமலேயே பொருளாளராக்கி, ஈராண்டு கழித்து அவர்மீதே பழி சுமத்துகின்ற வழக்கம் பல மஹல்லாக்களில் உண்டு. அந்த நல்ல மனிதருக்கு ஜமாஅத் இழைக்கின்ற அநீதி அது.

அடுத்து, கட்டளையிடும் அதிகாரத்தைக் குறித்துச் சற்று விரிவாகவே பேச விரும்புகின்றோம். பிரான்சு நாட்டில் ஹென்றி ஃபயோல் என்றொரு சுரங்கப் பொறியாளர் இருந்தார். 1888ஆம் ஆண்டில், திவாலாகும் தறுவாயில் இருந்த ஒரு சுரங்க நிறுவனத்தின் பொறுப்பை ஏற்று, 1918 வரை நடத்தி, அதை நிலைநிறுத்தியவர். தம் அனுபவத்தை 1916ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். திட்டமிடுதல், அமைப்பை உருவாக்குதல், ஆணையிடுதல், ஒருங்கிணைத்தல், கண்காணித்தல் ஆகிய ஐந்துமே நிர்வாகம் என்றார். பதினான்கு நெறிகளையும் வகுத்தார். அந்நெறிகளுள் ஒன்று, ஒரு பணியாளருக்கு ஒருவரே ஆணையிட வேண்டும் என்பது.

ஏறத்தாழ எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் (மறைவு: ஹிஜ்ரி 450, கி.பி. 1058) தமது ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் இதே வினாவை எடுத்து ஆராய்கின்றார்கள். அமைச்சர்களை இரு வகையாகப் பிரிக்கின்றார்கள். தம் கருத்தின்படி முடிவெடுத்து நடத்தும் முழு அதிகாரம் பெற்றவர் ஒரு வகை. ஆட்சியாளரின் முடிவை எடுத்துச் சென்று நிறைவேற்றுபவர் மறு வகை. நிறைவேற்றுபவர் இருவர் இருக்கலாம். ஆனால் முழு அதிகாரம் பெற்ற இருவரை ஒரே பணிக்குத் தனித்தனியே நியமித்தல் ஆகாது; ஏனெனில் இருவரின் ஆணைகளும் ஒன்றோடொன்று மோதக்கூடும் என்கின்றார்கள். முழு அதிகாரம் பெற்றவரும் தாம் செய்தவற்றை ஆட்சியாளருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆட்சியாளரும் அவற்றை ஆராயக் கடமைப்பட்டவர்.

இதை நமது பள்ளிவாசலில் பொருத்திப் பார்ப்போம். மோதினாருக்குத் தலைவர் ஒன்று கூறுகின்றார். செயலாளர் வேறொன்று கூறுகின்றார். ஹவுழின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் ஆளுக்கொன்று கூறுகின்றார்கள். மின்விசிறியை நிறுத்து என்பார் ஒருவர், போடு என்பார் மற்றொருவர். மாதச் சம்பளம் கேட்கும்போது மட்டும், மற்றவரைக் கேள் என்று அனைவரும் விலகிக்கொள்கின்றனர். இப்படிப்பட்ட ஊர்களில் மோதினார்கள் நிலைப்பதில்லை என்பதில் வியப்பென்ன? அவருக்கு ஆணையிடுபவர் இன்னார் ஒருவரே என்று எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் பாதித் துன்பம் தீரும்.

அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டோம் என்று வாளாவிருக்கவும் இயலாது. ஆட்சியாளரின் கடமைகளைப் பட்டியலிடும் மாவர்தீ (ரஹ்) அவர்கள், காரியங்களைத் தாமே நேரில் மேற்பார்வையிட வேண்டும் என்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கின்றார்கள். இன்பத்தில் மூழ்கி அதை விட்டுவிடலாகாது என்பதோடு நில்லாமல், வணக்கத்தில் மூழ்கியும் விட்டுவிடலாகாது என்கின்றார்கள். நம்பிக்கைக்குரியவரும் துரோகம் செய்யக்கூடும் என்பது அவர்கள் கூறும் காரணம். ஆகவே, தணிக்கை என்றாலே தம்மைச் சந்தேகிப்பதாக எண்ணிச் சினம் கொள்ளும் நிர்வாகி, மார்க்கத்தின் முறையை அறியாதவரேயாவார்.

இப்னுல் லுத்பிய்யா என்னும் தோழரின் நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பெற்ற அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, தம் பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டுப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். பள்ளிவாசல் கடைகளை நிர்வாகியின் உறவினருக்குச் சந்தை மதிப்பில் பாதி வாடகைக்கு விடுவதையும் இந்தக் கேள்வியால்தான் உரசிப் பார்க்க வேண்டும். பதவி இல்லாதிருந்தால் அந்தக் கடை அந்த வாடகைக்குக் கிடைத்திருக்குமா?

எழுத்து என்னும் பொருளுக்கு வருவோம். திருமறையின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, ஹஜ்ஜைப் பற்றியதுமன்று; கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்ப வேண்டாம் என்று அவ்வசனம் பணிக்கின்றது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் காலத்தில், அபூஹுரைரா (ரலி) அவர்கள் பஹ்ரைனிலிருந்து ஐந்து இலட்சம் திர்ஹங்களைக் கொண்டுவந்தபோது கலீஃபா திகைத்துப்போனார்களாம். இதை எப்படிப் பங்கிடுவது, எண்ணிக் கொடுப்பதா, அளந்து கொடுப்பதா என்று மக்களிடம் கேட்டபோது, பிற நாட்டு அரசர்கள் பதிவேடு வைத்திருப்பதைத் தாம் கண்டதாக ஒருவர் தெரிவித்தார். அந்நியரின் வழக்கமாயிற்றே என்று உமர் (ரலி) அவர்கள் அதை ஒதுக்கவில்லை. வம்சாவளி அறிவில் தேர்ந்த அகீல், மக்ரமா, ஜுபைர் பின் முத்இம் (ரலி) ஆகிய மூவரையும் அழைத்துத் ‘தீவான்’ எழுதச் செய்தார்கள். கலீஃபாவின் கோத்திரத்தை முதலில் எழுத முற்பட்டபோது தடுத்து, நாயகம் (ஸல்) அவர்களின் குடும்பத்திலிருந்து தொடங்குமாறு ஆணையிட்டார்கள். கணினியில் கணக்கு எழுதலாம் என்று இளைஞர்கள் கூறும்போது முகம் சுளிக்கும் பெரியவர்கள் இந்த வரலாற்றை எண்ணிப் பார்ப்பார்களாக.

எழுதாமையின் விலை என்னவென்பதை அண்மைக் காலம் நமக்கு நன்றாகவே காட்டிற்று. 2025ஆம் ஆண்டில் வக்ஃபுச் சட்டம் திருத்தப்பட்டதும், சமுதாயத்தின் ஆட்சேபங்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றதும் நாம் அறிந்தவையே. அவ்வாண்டு ஜூன் மாதம் மத்திய அரசு தொடங்கிய ‘உமீத்’ இணையத்தளத்தில், ஆறு மாதங்களுக்குள் வக்ஃபுச் சொத்துக்களின் விவரங்களைப் பதிவேற்ற வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. பத்திரம் எங்கே, பட்டா எங்கே, மையவாடியின் அளவு என்ன, எந்தக் கடைக்காரர் எவ்வளவு முன்பணம் கொடுத்தார் என்று முத்தவல்லிகள் பலர் அலைய நேர்ந்தது. முன்னோர்கள் மனமுவந்து வக்ஃபு செய்தார்கள். அவர்களின் கொடையில் குறையில்லை. இடையில் வந்தவர்கள் காகிதத்தைப் பேணவில்லை. சட்டத்தை எதிர்ப்பது நமது உரிமை. ஆவணத்தைக் காப்பதோ நமது கடமை. எதிர்ப்புக் கூட்டத்திற்குத் திரள்வதில் நாம் காட்டும் ஊக்கத்தில் நாலில் ஒரு பங்கை அலமாரியை ஒழுங்குபடுத்துவதில் காட்டினால் போதும்.

ஆலோசனையைப் பற்றி ஒன்றை மட்டும் கூறுவோம். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹது யுத்தத்தின்போது, மதீனாவிற்குள்ளிருந்தே எதிர்கொள்வது நாயகம் (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. வெளியே செல்வோம் என்று ஆர்வமுற்றவர்களின் கருத்தை ஏற்றுப் புறப்பட்டார்கள். குன்றின்மேல் நிறுத்தப்பெற்ற ஐம்பது வில்லாளிகளுள் பெரும்பாலோர் கட்டளையை மீறி இறங்கியதால் வெற்றி கைநழுவிற்று. அதன் பின்னர் இறங்கிய வசனங்களில்தான், அவர்களை மன்னித்து, காரியங்களில் அவர்களோடு ஆலோசிக்குமாறு நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஆணை வருகின்றது. கூடிப் பேசி எடுத்த முடிவு ஒருமுறை துன்பத்தில் முடிந்தது என்பதற்காக ஆலோசனையே கைவிடப்படவில்லை. “இனி எவரையும் கேட்கமாட்டேன்” என்னும் தலைவர்களுக்கு இதில் விடை உண்டு. ஹுதைபிய்யாவில் தோழர்கள் சோர்ந்து நின்றபோது வழி காட்டியது உம்மு ஸலமா (ரலி) அன்னையாரின் ஆலோசனை. நிஸ்வான் மதரஸாவின் நேரத்தை மாற்றும்போதாவது நமது பெண்மக்களின் கருத்தைக் கேட்கலாமல்லவா?

பதவியை விட்டு இறங்குவதும் நிர்வாகத்தின் ஒரு பகுதியே. காலித் பின் வலீத் (ரலி) அவர்களைத் தளபதிப் பொறுப்பிலிருந்து உமர் (ரலி) அவர்கள் விடுவித்தார்கள். துரோகத்திற்காக அன்று, வெற்றி அவரால்தான் வருகின்றது என்று மக்கள் மயங்கிவிடலாகாது என்பதற்காக என்று விளக்கமும் அளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் படையைப் பிளக்கவில்லை, வேறு பள்ளி கட்டவுமில்லை. தமக்குப் பின் தலைமையேற்ற அபூஉபைதா (ரலி) அவர்களின் கீழ் தொடர்ந்து போரிட்டார்கள்.

இன்று பொறுப்பிலிருந்து விலகும் நிர்வாகிகள் தம் உழைப்பிற்கான கூலியை அல்லாஹ்விடம் பெறுவார்களாக. அவர்களிடம் நாம் வேண்டுவது, பத்திரங்கள், வாடகை ஒப்பந்தங்கள், வங்கிக் கணக்கு நூல்கள், நிக்காஹ் தஃப்தர்கள், ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல் தயாரித்து, இரு தரப்பாரும் இரு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும் என்பதே. இன்று அஸர் தொழுகைக்குப் பின் அலுவலக அறையில் அப்பணியைத் தொடங்கலாம். நேரமாகும் என்றால் நாளையும் தொடரலாம். பட்டியல் எழுதி முடிந்த பின்னரே சாவிகள் கைமாறட்டும்.

வஸ்ஸலாம்.