கம்ப்யூட்டர் வேதமல்ல



ஜீவராசிகளில் எது எதற்குச் சொந்தம் என்று கம்ப்யூட்டர் மூலம் வம்ச மரம் போட்டுப் பார்க்கிற விஷயமாய்ச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம். "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, அப்புறம் பேச்சென்ன?" என்கிற தோழர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். முனிவர் சொன்னார் என்று நம்புகிறவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

அது செய்கிற வேலைதான் என்ன? பல பிராணிகளின் டி.என்.ஏ. எழுத்துக்களை வரிசையாய் அடுக்கிக் கொடுத்தால், எங்கே ஒத்திருக்கிறது, எங்கே மாறியிருக்கிறது என்று பார்த்து, அந்த மாறுதல்களுக்கு எந்த மரம் நன்றாய்ப் பொருந்தும் என்று கணக்குப் போடுகிறது. அவ்வளவே. ஆனால் கணக்கோ பெரிது. 10 ஜீவன்களுக்கே 3,44,59,425 விதமாய் மரம் போடலாம். 20 என்றால் அந்த எண்ணுக்கு 22 இலக்கம்! ஆகவே கம்ப்யூட்டரும் எல்லா மரத்தையும் பார்த்துவிடுவதில்லை. கையிலுள்ள மரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய் மாற்றி மாற்றி, மேலானதைத் தேடுகிறது.

1980-ல் 'ஃபிலிப்' என்னும் புரோகிராமை எல்லோருக்கும் இனாமாய் வழங்கியவர் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர். அவரே 1978-ல், மாறுதல் மிகக் குறைந்த மரமே சரி என்கிற முறை சில சமயம் தப்பு மரத்தைத் தரும், ஆதாரம் கூடக் கூட அந்தத் தப்பே உறுதிப்படும் என்று கணக்கால் காட்டியிருந்தார். 1985-ல் இன்னொரு வழி சொன்னார். ஆதாரங்களைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் திரும்பத் திரும்ப எடுத்து மரம் போட்டு, ஒரு கிளை 100-க்கு எத்தனை தடவை வருகிறதென்று அந்தக் கிளையின் மேலேயே எழுதிவிடுவது. தன் பேச்சில் எவ்வளவு சந்தேகம் உண்டென்று பக்கத்திலேயே குறித்துவைத்த புராணம் ஏதாவது உண்டா?

ஆனாலும் 100-க்கு 100 வந்த கிளையும் தப்பாயிருக்கலாம். வெளிச்சாட்சி வேண்டும். திமிங்கிலத்தைப் பாருங்கள். பற்களை வைத்து, அற்றுப்போன மாமிசம் தின்னும் குளம்புப் பிராணிகளே அதற்குச் சொந்தம் என்று எலும்பு ஆராய்ச்சியாளர் பலர் சொல்லிவந்தார்கள். 1990-களில் டி.என்.ஏ. மரங்களோ அதை நீர்யானைக்குப் பக்கத்தில் வைத்தன. தகராறு வலுத்தது. மிச்சிகன் சர்வகலாசாலை ஜிஞ்சரிச்சும் பழைய கட்சிதான். அவர் கூட்டத்தாருக்கே பாகிஸ்தானில் ஆதித் திமிங்கிலத்தின் கணுக்கால் எலும்பு கிடைத்தது. இரு பக்கமும் கப்பி போன்ற பள்ளம்! மாடு, பன்றி, நீர்யானை இனத்துக்கே உரிய அடையாளம் அது. 2001-ல் தம் பழைய கொள்கைக்கு விரோதமாய் அவரே எழுதி வெளியிட்டார். ஆட்டின் பின்னங்கால் கணுவிலும் அதே எலும்பு உண்டு. கசாப்புக் கடையில் கேட்டு வாங்கி, தோழர்கள் கையில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.