எழுத்துக் கூட்டி விளையாடும் ஆங்கிலம்
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின்பால் உள்ள அச்சத்தைப் பற்றிப் பேசுமாறு கழகத்தார் பணித்தனர். அச்சத்தின் காரணங்கள் இவ்வவை அறியாதவை அல்ல. ஆகவே, அதனைப் போக்க எம் பள்ளியில் நாங்கள் கையாளும் ஒரு சிறு வழியை மட்டும் எடுத்துரைக்க விரும்புகிறோம். அது சொல் விளையாட்டு.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடியைச் சுற்றியுள்ள தொழிற்கூடங்களிலும் ஒப்பந்த வேலை செய்வோரின் பிள்ளைகளே எம்மிடம் பயில்வோருள் மிகப் பலர். இல்லத்தில் ஆங்கில நாளேடு இல்லை. ஐயம் கேட்க ஆளும் இல்லை. ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக மனனம் செய்யப் புகுந்தால் வாழ்நாள் போதாது. எனவே சொற்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கற்பிக்கிறோம்.

ஏ, எல், எல் என முடியும் நான்கெழுத்துச் சொற்களை முதலில் எடுப்போம். பந்துக்குப் பால், அழைப்புக்குக் கால், சுவருக்கு வால், கூடத்துக்கு ஹால், உயரத்துக்கு டால். பால், கால், வால் என்று கரும்பலகையில் எழுதியதும் வகுப்பே சிரிக்கும். சிரித்த பிள்ளை மறப்பதில்லை. முதலெழுத்தை மட்டும் மாற்றி ஐந்து சொற்களைப் பெற்றோம் என்பது அதற்குப் பெருஞ்செல்வமாகத் தோன்றுகிறது.

அடுத்து, மூன்றெழுத்துச் சொல்லின் ஈற்றில் ஈ என்னும் எழுத்தைச் சேர்ப்போம். கிட் என்பது கைட் ஆகும். நாட் என்பது நோட் ஆகும். தான் ஒலியாமல் நின்று, முன்னுள்ள உயிரின் ஓசையை மாற்றும் இவ்வெழுத்தை நம் துணைக்காலோடு ஒப்பிட்டுக் காட்டினால் போதும். கல் என்பதில் துணைக்கால் சேர்ந்தால் கால் ஆவதை அறிந்த பிள்ளைக்கு இது புதிதன்று.

லைட், நைட், ரைட், ஃபைட், சைட் எனும் ஐந்தெழுத்துச் சொற்களில் ஒலியாத ஜி, எச் இரண்டும் ஏன் நிற்கின்றன என்று பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். பழைய ஆங்கிலத்தில் அவ்விடத்தில் தொண்டையில் உரசும் ஓர் ஒலி இருந்தது. பேச்சில் அது தேய்ந்து மறைந்தது. எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது.

மூன்றாம் வகைதான் பிள்ளைகளுக்கு மிக விருப்பமானது: அதே எழுத்துகளை இடம் மாற்றி வேறு சொல் ஆக்குவது. இதற்குப் புத்தகம் வேண்டா. பூந்தமல்லிக் கடைத்தெருவின் பெயர்ப்பலகையே போதும். அவ்வூர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 11 எழுத்துகள். அவற்றுள் லெமனும் மெலனும் ஒரே ஐந்தெழுத்தில் ஒளிந்திருக்கின்றன. பேனலும் பிளேனும் அவ்வாறே. லூப்பைத் திருப்பினால் பூல்; பெயரைக் குறிக்கும் நேம் என்பதைக் கலைத்தால் மீன் என்னும் சொல். பெயர்கள் செல்லா என்பது ஆட்டத்தின் விதியாதலால் பூந்தமல்லிக்கே புள்ளி கிடையாது என்பதில் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வருத்தம் உண்டு.

எழுத்துகளை எண்ணியே இவ்வகை ஆட்டத்தை வகுத்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்த அவர், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது எனக் கணக்கெடுத்தார். ஸ்கிராபிளின் 100 கட்டைகளில் ஈ 12 உண்டு, ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. கியூ ஒன்றே, அதற்கு 10 புள்ளி. எம் பள்ளியில் விலை கொடுத்து அதை வாங்கவில்லை. பழைய திருமண அழைப்பிதழ்களின் பின்புறத்தில் எழுதி வெட்டிக்கொண்டோம்.

நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை மனனம் செய்தே வென்றார். வியத்தகு ஆற்றல்தான். ஆனால் நம் பிள்ளை நேர்காணலில் அமர வேண்டும், விண்ணப்பம் எழுத வேண்டும். ஆகவே பொருள் கூறி, ஒரு வாக்கியத்திலும் அமைத்துக் காட்டினாலன்றி எம் வகுப்பில் புள்ளி இல்லை.

இவ்விதியே எங்களை ஓர் இக்கட்டில் நிறுத்தியது. ஆட்டப் பட்டியலில் ஆறெழுத்துச் சொல் ஒன்று உண்டு: பி, ஏ, ஆர், ஐ, ஏ, எச். பரையா என்பர். 11 புள்ளி பெறும். அகராதி தரும் பொருள், சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன் என்பது. பதினேழாம் நூற்றாண்டில் நம் தமிழிலிருந்து, பறை என்னும் இசைக்கருவியைச் சார்ந்த பெயரை எடுத்துச் சென்று, இழிவை அதற்குப் பொருளாக்கினர். பிள்ளை இதைக் கட்டையில் அடுக்கிவிட்டுப் பொருளும் கூற வேண்டுமே! 2020, 2021 ஆண்டுகளில் இழிசொற்கள் பலவற்றை ஸ்கிராபிள் பட்டியல்களிலிருந்து நீக்கினர், இச்சொல்லை நீக்கவில்லை.

எம் ஆசிரியர்களுள் கருத்து இருவேறாயிற்று. அடித்துவிடுவோம் என்றனர் சிலர். நம் முன்னோர் இருவர் இரு வழியில் சென்றதை அப்போது எண்ணிப் பார்த்தோம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் பறையன் என்றே பெயரிட்டுத் தலைநிமிர்ந்து நின்றார். ஆசிரியராகப் பணியாற்றிய எம்.சி. ராஜா, 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு வழக்கில் அச்சொல்லுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயரை நிலைநாட்டினார். இருவர் வழியும் நமக்கு உரியதே.

நாங்கள் சொல்லை அடிக்கவில்லை. அதனை ஒன்பதாம் வகுப்புக்கு ஒத்திவைத்து, இவ்விருவர் வரலாற்றைக் கற்பித்த பின்னரே பட்டியலில் தருகிறோம். வெளியே நாளேட்டிலோ தேர்விலோ திடீரெனச் சந்தித்துக் குன்றிப்போவதைவிட, எம் முன்னிலையில் கண்டு, இது எங்களிடமிருந்து போன சொல் என்று கூறக் கற்பது நன்று என்பது எங்கள் தீர்ப்பு. இதில் கழகத்தாருக்கு மாற்றுக் கருத்து இருப்பின் கேட்க அணியமாக உள்ளோம். அதே ஆறெழுத்தை மாற்றி அடுக்கினால் ராஃபியா என்றொரு சொல் வரும். கூடையும் பாயும் முடைய நார் தரும் ஒருவகைப் பனை அது. அதற்கும் 11 புள்ளிதான்.

கழகத்தின் மாலை வகுப்பிற்கென எழுத்தட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்துள்ளோம். அட்டைகள் 100, அவற்றுள் இரண்டு வெற்றட்டைகள். மூன்றெழுத்து, நான்கெழுத்து, ஐந்தெழுத்துப் பட்டியல்களும் பொருளுடன் உள்ளே உள்ளன. கியூ ஒன்றே இருப்பதால் அது தொலைந்தால் மறவாமல் வேறொன்று எழுதிக்கொள்ளுங்கள்.