நச்சுயிரின் எழுத்தைப் படித்தவர்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இவ்வெள்ளி விழா மேடையில் விஞ்ஞானம் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கின்றீர்கள். விஞ்ஞானத்தின் பெருமையைப் பொதுவாகப் புகழ்வதைவிட, ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துரைப்பது பயன் தரும் எனக் கருதுகின்றேன். மூலக்கூறு உயிரியலைக் கற்று, வைரஸ் என்னும் நச்சுயிரையும் உடலின் நோய் எதிர்ப்பாற்றலையும் ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட பிளாசி வாங்-ஸ்டால் அம்மையாரின் வாழ்க்கை அது.

அவர் 1946ஆம் ஆண்டு சீனாவின் குவாங்சௌ நகரில் பிறந்தார். இயற்பெயர் வாங் யீ சிங். 1952இல் குடும்பம் ஆங்காங்கில் குடியேறியது. அங்கே கன்னியர் நடத்திய பள்ளியில், பிள்ளைக்கு ஆங்கிலப் பெயர் வேண்டும் என்றனர். அந்நாளில் வீசிய புயலொன்றின் பெயர் பிளாசி. தந்தை அதனையே மகளுக்குச் சூட்டினார். அக்குடும்பத்துப் பெண்களுள் வெளியே சென்று பணியாற்றியவர் அதுவரை எவருமிலர். ஆயினும், நன்கு படிக்கும் மாணவியரை அப்பள்ளி விஞ்ஞானத்தின் பக்கம் திருப்பிவிட்டது; பெற்றோரும் ஊக்கம் தந்தனர். ஒரு பள்ளி கைகாட்டியது. ஒரு வீடு கதவைத் திறந்தது. அவ்வளவே.

18 வயதில் அமெரிக்கா சென்ற அவர், லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1972இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1973இல் பெதஸ்டா நகரிலுள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தில், ராபர்ட் காலோவின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ரெட்ரோ வைரஸ் என்னும் இனமே அவருடைய ஆய்வுப்பொருள். அது உயிரணுவினுள் புகுந்து, தன் ஆர்.என்.ஏ. செய்தியை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, அவ்வுயிரணுவின் மரபுச் சுவடியிலேயே செருகிவிடும். விலங்குகளைத் தாக்கும் இவ்வினம் மனிதரையும் தாக்குமா என்று பலரும் ஐயுற்ற காலம் அது. 1980இல்தான் மனித ரெட்ரோ வைரஸ் ஒன்றை அவ்வாய்வுக்கூடம் உலகிற்கு அறிவித்தது.

1981இல் எய்ட்ஸ் நோய் வெளிப்பட்டது. அதற்குரிய வைரசைப் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் 1983இல் பிரித்தெடுத்தனர். அதுவே நோய்க்குக் காரணம் என்பதைக் காலோ குழுவினர் 1984இல் நிலைநாட்டினர். அவ்வைரசின் மரபுப்பொருளை நகலெடுத்து, 9,000க்கும் மேற்பட்ட அதன் எழுத்துகளைப் படித்தறிந்த முன்னோடிகளுள் வாங்-ஸ்டால் தலையாயவர். 1984, 1985ஆம் ஆண்டுகளில் இப்பணி நிறைவேறியது. எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் வெள்ளணுக்களையே இவ்வைரஸ் அழிக்கின்றது. காவலனைக் கொன்ற கள்வனுக்கு வீடெல்லாம் வழிதானே! அது நோயாளியின் உடலிலேயே உருமாறிக்கொண்டிருப்பதையும் அவருடைய குழுவினர் காட்டினர். மாறிக்கொண்டேயிருக்கும் பகைவனை ஒரே மருந்தால் வெல்ல இயலாது. 1996 முதல் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை பரவியது. மரணத் தண்டனையாயிருந்த நோய் கட்டுக்குள் வந்தது.

நண்பர்களே, இக்கதை கடல் கடந்த நாட்டோடு முடியவில்லை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவற்றைச் சோதித்தபோதுதான், இந்தியாவிலும் இத்தொற்று இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது.

தொடுவதால் இந்நோய் பரவாது. உடன் உண்பதாலும் பரவாது. ஆய்வு இதனைத் தெளிவாகக் கூறிய பின்னரும், நோயுற்றோருக்குத் தனிக் குவளை வைத்த வீடுகள் இருந்தன. அவர்களைச் சேர்க்க மறுத்த மருத்துவமனைகள் இருந்தன. தனிக் குவளை என்றால் என்னவென்று இந்த அவையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடம் அச்சத்தின் காரணத்தை அகற்றும்; அச்சத்தைச் சாக்காகக் கொண்ட மனத்தை அது தனியே மாற்றிவிடாது. ஆகவேதான், விலக்கப்படுவதன் வலியை அறிந்தவர்கள் ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் அமர வேண்டும் என்கின்றேன்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். 1973இல் தொடங்கிய பணி உலகறியப் பயன் தர 11 ஆண்டுகள் ஆயின. அவ்வாண்டுகளின் பயிற்சி இல்லையேல், நோய் வந்த நாளில் அதன் எழுத்தைப் படிக்க அவரால் இயன்றிராது. உங்கள் மகள் 25 வயதிலும் படித்துக்கொண்டிருந்தால், காலத்தை வீணாக்குகின்றாள் என்று எண்ணாதீர்கள். ஊரார் கேட்கும் கேள்விக்கு அவளுக்காக நீங்களே விடை கூறுங்கள்.

1990இல் சான்டியாகோவிற்குச் சென்று, பின்னாளில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரசிற்கும் மருந்து தேடிய அவ்வம்மையார், 2020ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மறைந்தார். புயலின் பெயரைத் தாங்கிய அச்சிறுமியைப் போன்றோர் நம் தெருக்களிலும் இருக்கின்றனர். அவர்களுக்குக் கைகாட்டுவதே இக்கழகத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணியாகட்டும் எனக் கூறி அமைகின்றேன்.