பௌபஜார் தெருவில் ஒரு கதவு



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்த நம்மிற் பலர் உள்ளத்தே ஓர் அச்சம் உண்டு. வயிற்றுக்காக ஏற்ற உத்தியோகம் நெஞ்சம் விரும்பிய தொழிலை விழுங்கிவிடுமோ என்பதே அது. இந்தக் கல்கத்தா மாநகரில் அவ்வச்சத்தை எதிர்கொண்ட தமிழர் ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

1907ஆம் ஆண்டில் நிதி இலாகாவின் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாக இங்கு வந்து சேர்ந்தார், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிற் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன். வயதோ பதினெட்டு. அந்நாளில் ஆராய்ச்சியை நம்பி இந்தியர் வாழ்வது அரிது. ஆதலால் பௌதிகத்தில் எம்.ஏ. தேறியவர் கணக்கேடுகளைப் பார்க்கப் புகுந்தார்.

ஒருநாள் டிராம் வண்டியிற் செல்லுகையில், பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நன்கொடை திரட்டி நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அது. அங்கே சொற்பொழிவுகள் நடந்தன, கருவிகளும் இருந்தன, அவற்றைத் தொட்டு ஆராய்வார்தாம் இலர். இராமனுக்குக் கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் தே என்னும் ஊழியர். மகேந்திரலாலின் புதல்வரும் கழகச் செயலாளருமான அமிர்தலால் மகிழ்ந்து இடமளித்தார்.

பொழுது புலருமுன் கழகம். பத்து மணிக்குள் குளித்து, உணவை அள்ளிப் போட்டுக்கொண்டு அலுவலகம். மாலை ஐந்து மணிக்கு மீண்டும் கழகம். இல்லம் திரும்ப இரவு பத்தாகும். லோகசுந்தரி அம்மையாரின் பொறுமையை எவரும் கணக்கெழுதி வைக்கவில்லை!

1909இல் வந்தது மாற்றல் உத்தரவு. முதலில் இரங்கூன், அடுத்து நாகபுரி. மாற்றலின் கசப்பை நம் நேயர்கட்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1911இல் கல்கத்தா திரும்பியவர், கழகத்தை ஒட்டிய வீட்டிலேயே குடியேறினார். வயலின் நரம்பின் அதிர்வு முதலியவற்றை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைகள் பலவும் உத்தியோக நேரம் போக எஞ்சிய பொழுதில் விளைந்தவை. அலுவலகப் பணியிலும் குறை வைக்கவில்லை. அரசாங்கம் மனமின்றியே அவரை விடுவித்தது.

அந்த விடுதலை 1917இல் வாய்த்தது. சர் ஆசுதோஷ் முகர்ஜி அழைத்த பாலித் பேராசிரியர் பதவிக்கு ஊதியம் நிதி இலாகாவில் பெற்றதைவிட மிகக் குறைவு. தயங்காது ஏற்றார். பத்தாண்டு கோப்புகளிடையே உழன்றும் ஆவல் தணியாதவர்க்கு அது பெரிய இழப்பாகத் தோன்றியிராது என்பது எம் கருத்து.

1928 பிப்ரவரியில் அதே கட்டடத்திற் கண்ட ஒளிச்சிதறலும், 1930இல் பெற்ற நோபல் பரிசும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. அறியாதது ஒன்றுண்டு. கதவைத் திறந்த ஆசுதோஷ் தே கல்லூரிப் படி ஏறாதவர். நாள்தோறும் இராமனுடன் நின்று சோதனை செய்து பழகினார். 1919இல் இலண்டன் ராயல் சொஸைட்டியின் நடவடிக்கை ஏட்டில், அதிர்வெண்ணை அளக்கும் புதுமுறை பற்றிய கட்டுரையொன்று வெளிவந்தது. முன்னுரை மட்டுமே இராமனுடையது. ஆசிரியர் பெயர் ஆசுதோஷ் தே.