படிவத்தில் இல்லாத கேள்வி



தொற்று நோய், தொற்றா நோய் என்று பள்ளிக்கூடத்திலேயே பிரித்துப் படித்துவிட்டோம். காசநோய், எலிக்காய்ச்சல் ஒரு பக்கம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு மறுபக்கம். தொற்றா நோய்களுக்கு ஆபத்துக் காரணிகள் என்று உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் நான்கைத்தான் முன்வைத்தது: புகையிலை, மது, ஆரோக்கியமற்ற உணவு, உடலசைவு இன்மை. 2018இல்தான் காற்று மாசும் பட்டியலில் சேர்ந்தது. அந்த நான்கையும் பாருங்கள், எல்லாமே தனிமனிதப் பழக்கங்கள்!

என் ஆய்வு தூய்மைப் பணியாளர்களைப் பற்றியது. விடியும் முன்பே தெருக் கூட்டப் போகிற ஓர் அக்காவிடம், "உடற்பயிற்சி உண்டா?" என்கிறது படிவம். அவர் சிரித்துவிட்டார்.

குடியை எடுத்துக்கொள்வோம். நாற்றத்தைத் தாங்க முடியாமல் குடித்துவிட்டுச் சாக்கடையில் இறங்குகிறவர்கள் உண்டு. அவர்களே சொல்வார்கள், மறைப்பதில்லை. படிவமோ 'மதுப் பழக்கம்: ஆம்' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். பிறகு ஈரல் கெட்டால், குடித்தே கெட்டான் என்பார்கள். அவரை அங்கே இறக்கியது எது என்று எழுதக் கட்டமே இல்லை. எந்தச் சாதிகள் இறக்கப்படுகின்றன என்பது ஊருக்கே தெரியும்.

சர்க்கரை முற்றினால் பாதம் மரத்துப்போகும். கண்ணாடிச் சில்லு கிழித்தாலும் தெரியாது. அந்தக் காயத்தோடு கழிவுநீரில் நின்றால், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியே எலிக்காய்ச்சல் கிருமி உடம்பில் ஏறும். புண்ணும் சீக்கிரம் ஆறாது. சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். தொற்றுவது, தொற்றாதது என்ற கோடு இந்த உடம்பில் எங்கே இருக்கிறது?

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. சாக்கடைக்குள் இறந்தவர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. போராடிப் பெற்றதுதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விஷவாயு தாக்கி உள்ளேயே செத்தால்தான் கணக்கு. அதே வேலையில் நுரையீரல் கெட்டு, பத்து வருடம் கழித்து வீட்டுக் கட்டிலில் செத்தால்?

பொது சுகாதாரம் படிக்கிற தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். களத்துக்குப் போகும்போது இவற்றையும் கேளுங்கள்: என்ன வேலை, எத்தனை வருடம், கையுறையும் காலணியும் யார் கொடுத்தார்கள், வீட்டில் இதற்கு முன் இதே வேலையைச் செய்தவர் யார்? நான் கேட்கிறேன். கடைசிக் கேள்விக்கு அம்மா, பாட்டி என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். படிவத்தில் இடம் போதவில்லை, பின்பக்கத்தில் எழுதுகிறேன்.